பூனைகள் இருக்கும் வீட்டுக்கு நாய் வரும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாமரங்களில் பிஞ்சு பிடிக்கத் தொடங்கியதும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் தோப்புக் காவலுக்கு நாய் தேடுகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். அந்த நாய் வந்து சேரும் வீட்டில் ஒன்றிரண்டு பூனைகள் முன்பே குடியிருப்பதால், இம்மாதம் எனக்கு வந்த கடிதங்களில் பலவும் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். வளர்ப்பு மனையில் எலித் தொல்லை அதிகம் என்பதால் ஆறு ஆண்டுகளாகப் பூனை வளர்க்கிறோம்; இப்போது ஒரு தாய்ப் பூனையும் அது ஈன்ற கடுவன் ஒன்றும் இருக்கின்றன. மாந்தோப்புக் காவலுக்காக என் மகன் ஒன்றரை வயதுள்ள சிப்பிப்பாறைக் கலப்பு நாய் ஒன்றைத் தெற்கிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். வந்த அன்றே அது பூனைகளைத் துரத்தியது. தாய்ப் பூனை பரணை விட்டு இறங்கவே மறுக்கிறது. பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு நாயை முகர விட்டால் இரண்டும் பழகிவிடும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? நாயை அடித்துத் திருத்துவதா, திருப்பி அனுப்பிவிடுவதா?
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மா, பூனையைக் கையில் பிடித்து நாயின் முகத்துக்கு நேரே நீட்டும் அந்த யோசனையை முதலில் கைவிடுங்கள். தப்பியோட வழி இல்லாத பூனை தன்னைப் பிடித்திருக்கும் கையைத்தான் முதலில் கிழிக்கும். அடுத்து நாயின் கண்ணைக் கிழிக்கும். நாயின் கருவிழியில் பூனை நகம் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் பூனையின் மனத்தில் பதியும் அச்சத்தைக் கரைக்க உங்களுக்குப் பல வாரங்கள் ஆகும்.

உங்கள் மகன் கொண்டுவந்திருப்பது எந்த வகை நாய் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிப்பிப்பாறை என்பது தென் மாவட்டங்களின் கரிசல் காடுகளில் முயல் வேட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம். அது மோப்பத்தைவிடக் கண்ணால் வேட்டையாடுவது. தன் முன்னே சிறிய உருவம் ஒன்று ஓடினால் அதன் கால்கள் தாமாகவே கிளம்பிவிடும். அதற்குப் பூனையின்மேல் பகை எதுவும் இல்லை. தான் எதற்காக வளர்க்கப்பட்டதோ அதைத்தான் அது செய்தது. ஆகவே அதை அடிப்பதால் ஒரு பயனும் விளையாது. பூனையைப் பார்க்கும்போதெல்லாம் அடி விழுந்தால், பூனை வந்தால் தனக்கு வலி வரும் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். நீங்கள் அருகில் இல்லாத நாளில் அந்தக் கணக்கைப் பூனையிடம் தீர்த்துக்கொள்ளும்.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே. பழகும் வேகத்தைப் பூனைதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கான பயிற்சி முழுவதும் நாய்க்கே உரியது. நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. நாய் இன்றே தோப்புக்கு வேண்டும், பூனைகள் எப்படியாவது ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுகிறோம். பூனைக்கு வீடு என்பது தன் வாசனை தோய்ந்த இடம். தூணிலும் கதவு நிலையிலும் தானியக் குதிரின் ஓரத்திலும் அது கன்னத்தை உரசி உரசி வைத்திருக்கும் அடையாளங்களுக்கு நடுவே, முன்பின் அறியாத ஒரு மிருகத்தின் நாற்றம் ஒரே நாளில் வந்து பரவினால், அது பரணில் ஏறிக்கொள்ளாமல் வேறு என்ன செய்யும்?

முதல் 14 நாட்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். வெளியூரிலிருந்து வந்த நாய்க்கு எந்த நோயின் வித்து உடலில் இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியாது. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸின் இன்றைய வகைகள் பூனையையும் தொற்றக்கூடியவை. தெள்ளுப்பூச்சியும், அது பரப்பும் நாடாப்புழுவும், படர்தாமரையும் இரண்டுக்கும் பொதுவானவை. ஆகவே நாயை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் குடற்புழு நீக்கம் செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் மற்றத் தடுப்பூசிகளும் போட்டுவிடுங்கள். அதே வாரத்தில் பூனைகளுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். நாய்க்குப் போட்டால் போதும், பூனைக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூனை கடித்தாலும் அந்த நோய் வரும்.

இந்த நாட்களில் நாயை மாட்டுக் கொட்டகையின் ஒரு பகுதியில், கம்பி வலையோ தட்டியோ கட்டி மறைத்த இடத்தில் வைத்திருங்கள். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிவைக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். கட்டுண்ட நாயின் கண்ணெதிரே பூனை நடந்துபோனால், எட்ட முடியாத ஏக்கத்திலேயே அதன் வெறி நாளுக்கு நாள் ஏறும். காலையிலும் மாலையிலும் தோப்பைச் சுற்றி நன்றாக நடத்திக் கூட்டிவாருங்கள். களைத்துப் படுத்திருக்கும் நாய்தான் பாடம் கற்கும்.

கண்ணால் பார்க்காவிட்டாலும் மூக்கால் பழகலாம். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, ஒரு துண்டால் தாய்ப் பூனையின் கன்னத்தையும் தாடையையும் மெதுவாகத் துடைத்து, நாய் களி தின்னும் தட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். நாய் படுத்த சாக்கின் ஒரு துண்டைப் பூனையின் மீன் சோற்றுத் தட்டுக்குச் சற்றுத் தொலைவில் வையுங்கள். பூனை அதைப் பார்த்துச் சீறினால் இன்னும் தள்ளிவையுங்கள். பொருட்படுத்தாமல் தின்றால் ஒவ்வொரு நாளும் ஒரு சாண் நெருக்கி வையுங்கள். அந்த நாற்றம் வருகிற நேரத்தில் நல்ல தீனியும் வருகிறது என்பது இரண்டுக்கும் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்ததாக, சாத்திய கதவின் இரு பக்கங்களிலும் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் தீனி வைக்கத் தொடங்குங்கள். கதவிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்தால் பூனை தலையைத் தூக்காமல் தின்று முடிக்கிறதோ, அதுவே அன்றைய எல்லை.

இதற்குப் பிறகே பார்வைப் பழக்கம். நாய் நடந்து களைத்து, வயிறும் நிறைந்திருக்கும் வேளையில், உங்கள் மகன் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கூடத்தின் ஒரு மூலையில் உட்காரட்டும். பூனையைத் தூக்கி வராதீர்கள். அது தானாக வர வேண்டும். அது ஏறி நிற்கப் பரண், அலமாரியின் மேல்தட்டு, நெல் மூட்டை அடுக்கு என்று நாய்க்கு எட்டாத உயரம் ஒன்றும், ஓடி வெளியேற வழி ஒன்றும் அவசியம் இருக்க வேண்டும். பூனை கண்ணில் பட்டதும் நாய் அதைப் பார்க்கும். பார்க்கட்டும். உடனே உங்கள் மகன் மென்மையாகப் பெயர் சொல்லி அழைக்க, அது பூனையிடமிருந்து கண்ணை எடுத்து அவனைத் திரும்பிப் பார்த்தால், அந்த நொடியிலேயே வேகவைத்த கோழித் துண்டோ ஈரல் துண்டோ வாயில் விழ வேண்டும். இந்தப் பாடத்தின் உயிர்நாடியே அந்தத் திரும்பல்தான். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நாயின் உடலே சொல்லும். உடல் விறைத்து, வாயை மூடி, கண்ணிமைக்காமல் பூனையையே பார்த்து நிற்கிறது, அழைத்தால் காதுகூட அசையவில்லை, தொடை நடுங்குகிறது, மெல்ல முனகுகிறது என்றால் அன்றைய பாடத்தை அத்தோடு முடித்து, அமைதியாக வெளியே கூட்டிப்போய்விடுங்கள். நாய் வாலை ஆட்டுகிறதே, நட்புதானே என்று ஏமாந்துவிடக் கூடாது. விறைத்த உடலோடு உயர்த்தி ஆட்டும் வால் நட்பைக் காட்டுவதில்லை. பூனையின் வால் வேறு மொழி பேசுகிறது. பூனை வாலைச் சுழற்றி அடித்தால் எரிச்சல். நிமிர்த்திக்கொண்டு வந்தால் இணக்கம். நாய் வாலை ஆட்டிக்கொண்டு விளையாட அழைப்பதைப் பூனை மிரட்டலாகப் புரிந்துகொள்கிறது. பூனை வாலை அடித்து எச்சரிப்பதை நாய் விளையாட அழைப்பதாக எடுத்துக்கொள்கிறது. பல சண்டைகள் இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன. காதை மடக்கிப் பம்மும் பூனையையும் அதற்குமேல் அங்கே வைத்திருக்கக் கூடாது. மாறாக, அது உட்கார்ந்த இடத்திலேயே தன் உடலை நக்கத் தொடங்கினாலோ, கண்ணை மெதுவாக மூடித் திறந்தாலோ, நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

ஒருமுறை நாய் துரத்தி ஓடவிட்டால், பத்து நாள் உழைப்பு அந்த ஓட்டத்தோடு போய்விடும். ஆகவே கயிறு இல்லாமல் விடும் நாளை நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்காதீர்கள். தொடர்ந்து பல நாட்கள் பூனை தரையில் நடந்துபோகும்போது நாய் படுத்த இடத்தை விட்டு எழவில்லை என்றால், கயிற்றைக் கையிலிருந்து விட்டுத் தரையில் இழுபட விடலாம். அதற்கும் பிறகே கழற்ற வேண்டும். சில வீடுகளில் இது மூன்று வாரங்களில் முடிகிறது. வேறு சில வீடுகளில் நான்கு மாதங்கள் ஆகின்றன. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வீட்டுக்குள் பூனையோடு அமைதியாக இருக்கப் பழகிய வேட்டை நாய், தோப்பில் அதே பூனை ஓடக் கண்டால் துரத்தக்கூடும். அதன் கண்ணுக்கு வீடு வேறு, வெட்டவெளி வேறு. ஆகவே நாய் தோப்பில் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும் வேளைகளில் பூனைகள் வளர்ப்பு மனைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ இருக்கட்டும். மனையின் கதவில் பூனை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு துளை வைத்தால் துரத்தல் அங்கேயே நின்றுவிடும். ஆனால் அந்த வழியாக எலி போகாதபடி மடிப்புப் பலகை பொருத்துங்கள்.

நீங்கள் பட்டுப்புழு வளர்ப்பவர். ஆகவே உண்ணி மருந்தைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளும், நாயின் முதுகில் சொட்டுவிடும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சு. இவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நான் பணியில் சேர்ந்த புதிதில், மாட்டுக்குத் தெளித்த மருந்தின் மீதியை நாயின் முதுகில் ஊற்றிய ஒரு வீட்டிலிருந்து, உடல் நடுங்கி வாயில் நுரை தள்ளிய பூனை ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார்கள். அந்த நாயும் பூனையும் ஒன்றாகப் படுத்து உறங்கும் அளவுக்குப் பழகியவை; அன்றிரவும் பூனை வழக்கம்போல நாயின் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தது. எங்களால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே சொல்ல ஒருவரும் இல்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம். இதே மருந்துகள் பட்டுப்புழுவையும் கொல்லும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மருந்து போட்ட நாயைத் தொட்ட கையோடு மல்பெரி இலையைத் தொடக் கூடாது. நாய்க்கு வாய்வழியாகக் கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இருக்கின்றன. பூனையும் பட்டுப்புழுவும் இருக்கும் வீடு என்று சொல்லி, மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நாயைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம், ஒரு நாள் துரத்தியதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. இரண்டு மாதங்கள் இப்படி முறையாக முயன்ற பிறகும் பூனையைக் கண்டதும் விறைத்து நிற்பது சற்றும் குறையவில்லை என்றாலோ, அந்த நாய் முன்பு எங்கேனும் பூனையைக் கொன்றிருக்கிறது என்று தெரியவந்தாலோ, அதற்குப் பூனை இல்லாத நல்ல வீடு ஒன்றைப் பார்ப்பதே இரண்டுக்கும் நியாயம். அதில் உங்கள் மகன் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: ஓசூரில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககத்தில் வசிக்கிறோம். எட்டு வயதுக் கடுவன் பூனை இருக்கிறது. பத்து வாரமான லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். குட்டிதானே, தானாகப் பழகிவிடும் என்று விட்டுவிட்டோம். பூனை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மணல் தட்டுக்கு அடிக்கடி போய் உட்கார்ந்துவிட்டு வருகிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் வரிதான் என்னைப் பதறவைக்கிறது. கடுவன் பூனை மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால், சிறுநீர்த் தாரை அடைத்திருக்கலாம். மன அழுத்தத்தால் பூனையின் சிறுநீர்ப்பை அழல்வதும், கடுவன்களுக்குத் தாரை குறுகலாக இருப்பதால் அது அடைபடுவதும் நாங்கள் அடிக்கடி பார்ப்பவை. முழுவதும் அடைத்துவிட்டால் ஓரிரு நாளிலேயே உயிர் போகும். பதில் கேட்டு நீங்கள் தொலைபேசியில் அழைத்தபோதே மருத்துவரிடம் போகச் சொல்லிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே மீண்டும் எழுதுகிறேன். இந்த நிலையில் இதழ் வரும்வரை ஒருவரும் காத்திருக்கக் கூடாது. அதேபோல, பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தின்னாமல் இருந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்து நோயாகும். பருத்த பூனைக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம். நாயைப் பட்டினி போட்டுப் பணியவைப்பதாக எண்ணுகிறவர்கள் உண்டு. பூனையிடம் அந்த எண்ணமே கூடாது.

குட்டியைப் பற்றிச் சொன்னால், வயதைப் பொறுத்தவரை நீங்கள் அதிர்ஷ்டசாலி. நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை எதைக் கண்டு பழகுகிறதோ, அதைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும். பூனைக்கு அந்தக் காலம் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான். ஆகவே உங்கள் குட்டி பூனையை எளிதில் ஏற்கும். ஆனால் எட்டு வயதுப் பூனையிடம் அதே எளிமையை எதிர்பார்க்க முடியாது. குட்டியின் துள்ளல் அன்பினால் வருகிறது என்பது பூனைக்குத் தெரியாது.

மருத்துவம் முடிந்து பூனை வீடு திரும்பியதும், ஒரு படுக்கையறையை முழுவதும் அதற்கே கொடுத்துவிடுங்கள். மணல் தட்டு, தண்ணீர், சோறு, படுக்கை எல்லாம் அங்கேயே இருக்கட்டும். மணல் தட்டை ஒரு வழி மட்டுமே உள்ள மூலையில் வைத்தால், உள்ளே இருக்கும்போது குட்டி வந்து மறித்துக்கொள்ளும். அந்த அனுபவம் ஒருமுறை ஏற்பட்டாலே பூனை தட்டை வெறுத்துவிடும். அறை வாசலில் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கம்பியைப் பொருத்துங்கள். குட்டியை ஒரு நாளில் பலமுறை சிறிது நேரம் விளையாடவைத்து, தூக்கம் வரும் நேரத்தில் அந்தத் தடுப்பின் அருகே படுக்கவிடுங்கள். உறங்கும் நாய்க்குட்டியைப் பூனை தள்ளி நின்று நெடுநேரம் ஆராயும். அது நல்ல தொடக்கம். பால்கனிக்கு வலை போட்டாயிற்றா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மிரண்ட பூனை உயரத்தைப் பார்க்காமல் குதித்துவிடும்.

கேள்வி: சாலையில் அடிபட்டுக் கிடந்த நாயை எடுத்துவந்து வளர்க்கிறோம். நாய் வந்த மூன்றாம் நாள் எங்கள் பூனை வீட்டை விட்டுப் போய்விட்டது. ஐந்து நாளாகிறது. இனி வருமா?
— ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள் அம்மா. அச்சத்தால் வெளியேறிய பூனை பெரும்பாலும் தொலைவுக்குப் போவதில்லை. நான்கைந்து வீடுகளுக்குள்ளாகவே, விறகு அடுக்கின் உள்ளேயோ வைக்கோல் போரிலோ பாழடைந்த ஓட்டு வீட்டின் கூரையிலோ பதுங்கியிருக்கும். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடக் குரல் கொடுக்காது. நம்மைக் கண்டு கோபித்துக்கொண்டதால் அன்று, குரல் கொடுத்தால் நாய் வரும் என்ற அச்சத்தால்தான். பகலில் தேடுவதைவிட, ஊர் அடங்கிய பிறகு கைவிளக்கை எடுத்துக்கொண்டு தாழ்வான இடங்களில் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். இருட்டில் அதன் கண் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுக்கும். அது படுத்த பழந்துணியைத் துவைக்காமல் கொல்லைப்புறத்தில் போட்டு, பக்கத்தில் கருவாட்டுத் துண்டு வையுங்கள். இரவில் நாயைக் கொல்லைப் பக்கம் விடாமல் முன்வாசல் பக்கமாகவே வைத்திருங்கள். நாய் அங்கே இருக்கும்வரை பூனை அந்த மதிலைத் தாண்டாது.

அது திரும்பி வந்ததும், வந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் எல்லாரும் கூடி நின்று தூக்கிக் கொஞ்சாமல், ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பிறகு பாலக்கோட்டு வாசகிக்கு எழுதியிருக்கும் முறையை முதல் நாளிலிருந்து தொடங்குங்கள். அடிபட்ட ஒரு நாயைச் சாலையிலிருந்து தூக்கிவந்த உங்களுக்கு, அதன் காரணமாக இன்னொன்று போய்விட்டதே என்ற வேதனை எவ்வளவு இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. பழி உங்களுடையது அன்று. இப்படி நடக்கும் என்று நம்மில் யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை.

கேள்வி: நாய்க்குக் கேழ்வரகுக் களியும் எலும்புச் சாறும் கொடுக்கிறோம். பூனையும் அதையே நக்குகிறது. இரண்டுக்கும் ஒரே தீனி போதுமா?
— ஒரு வாசகர், அரூர்

பதில்: போதாது. களியும் சாறும் சிறிது புலாலும் முட்டையும் சேர்ந்தால் நாய்க்கு ஓரளவு நிறைவான உணவாகிவிடும். பூனை முழுக்க முழுக்கப் புலால் உண்ணும் பிராணி. டாரின் என்ற சத்தைத் தன் தேவைக்கு வேண்டிய அளவு அதன் உடலால் உருவாக்கிக்கொள்ள முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது மாதக்கணக்கில் குறைந்தால் பூனையின் கண் பார்வையும் இதயமும் கெடும். கடையில் விற்கும் நாய்த் தீனியையும் இதே காரணத்தால் பூனைக்கு வாடிக்கையாகக் கொடுக்கக் கூடாது. பூனையின் தட்டை நாய்க்கு எட்டாத திண்ணை மேட்டிலோ சன்னல் விளிம்பிலோ வையுங்கள். தீனிக்காக வரும் சண்டையும் அதனால் நின்றுவிடும். இரண்டுக்கும் வைக்கும் எதிலும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: புதிய நாயும் பூனையும் சண்டையிட்டபோது விலக்கப்போன என் ஏழு வயது மகளின் கையில் பூனை பிராண்டி இரத்தம் வந்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறோம். வீட்டுப் பூனைதானே, ஊசி தேவையா?
— ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: தேவை. இதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அதை முழுவதும் தடுக்கலாம். காயம் பட்டவுடன் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள் எதையும் வைக்கக் கூடாது. கட்டும் போடக் கூடாது. இப்போது அந்தக் கட்டை அவிழ்த்துக் கழுவிவிட்டு, இன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குழந்தையைக் கூட்டிப்போங்கள். ஊசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று போடுவார்கள். இரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். காயம் ஆறிவிட்டதே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். பூனையையும் நாயையும் 10 நாட்கள் கண்காணிப்பில் வைத்திருங்கள்.

இன்னொரு முறை சண்டை வந்தால் யாரும் இடையில் கையை விட வேண்டாம். ஒரு குடம் தண்ணீரை ஊற்றுங்கள், இல்லையென்றால் தடித்த கம்பளியை இரண்டின்மேலும் எறியுங்கள், அல்லது முறத்தையோ பலகையையோ நடுவே நுழையுங்கள். குழந்தையிடம், சண்டையைக் கண்டால் பெரியவர்களைக் கூப்பிட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும் என்று அமைதியாகச் சொல்லிக்கொடுங்கள். விலக்க ஓடியது அவளுடைய இளகிய மனம். அதற்காக அவளைத் திட்ட வேண்டாம்.

கேள்வி: சென்ற ஆண்டு உங்கள் பதிலைப் படித்து, கதவுக்கு இரு பக்கமும் தீனி வைப்பதில் தொடங்கி எல்லாவற்றையும் செய்தோம். ஐந்து மாதமாக நாயும் பூனையும் ஒரே திண்ணையில் படுக்கின்றன. உறவினர் திருமணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாக வீட்டில் விட்டுப் போகலாமா?
— ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஆனாலும் இரண்டு நாள் முழுவதும் ஒன்றாகப் பூட்டிவிட்டுப் போக வேண்டாம். நீங்கள் வீட்டில் இருப்பதே இதுவரை அவற்றுக்கு ஒரு வரம்பாக இருந்திருக்கிறது; அந்த வரம்பு இல்லாதபோது எப்படி நடந்துகொள்கின்றன என்பதை முதலில் சிறு அளவில் பார்த்துவிடுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று வெளியே போய்வாருங்கள். திரும்பி வரும்போது பூனை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். திண்ணையில் இருந்தால் நல்லது. ஒவ்வொரு முறையும் பரணில் இருந்தால், அவை இன்னும் அந்த அளவுக்குப் பழகவில்லை என்று பொருள்.

இந்த முறை பூனையை உள்ளறையிலும் நாயை முன்கட்டிலும் பிரித்து விட்டு, காலையும் மாலையும் தீனி வைக்க இரண்டுக்கும் பழக்கமான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். திருமணம் உங்கள் தெருவிலேயோ அருகிலோ இருந்து வாண வேடிக்கை நடக்குமானால், அந்த இரவில் கட்டாயம் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் அருகில் இருப்பது பூனை என்றும் பாராமல் பாய்ந்துவிடும். தீனி வைக்க வருகிறவர் முதலில் உள்ளறைக் கதவு சாத்தியிருக்கிறதா, பூனை உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.